பதினேழாம் இலக்க மூடி

“டீச்சர், பதினேழாம் நம்பர்ல உப்பு வெளஞ்சிருக்கு!”

“தொடாத றிம்ஸான். பார்த்து எழுது.”

“தொடவே தேவல்ல டீச்சர், தூரத்துல இருந்தே தெரியுது. இது கிணறு இல்ல, அளம். இந்த வீட்டாக்களுக்குக் கறிக்கு உப்பு வாங்குற வேலையே இல்ல.”

ஐந்தாம் வகுப்பு கொல்லென்று சிரித்தது. லெய்லா டீச்சரும் சேர்ந்துதான் சிரித்தாள். சிரித்துவிட்டு, “நாக்கு பொய் சொல்லும். மூடி?” என்று கேட்டாள்.

“மூடி பொய் சொல்லாது!” இருபத்துநாலு தொண்டையும் ஒன்றாகக் கத்தின.

கரைத்தீவுப் பக்கம், கடல்நீர் தேங்கும் களப்போரத்தில் இருக்கிற பள்ளிக்கூடம் அது. ஜன்னல் திட்டில் வரிசையாக இருபத்தைந்து ஐஸ்கிறீம் மூடிகள். வெள்ளிக்கிழமை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரே கோப்பையால் அளந்து ஊற்றி வைத்தார்கள். கச்சான் காற்றும் யூலை வெயிலுமாக நாலு நாளில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டன. தண்ணீருக்குள் இருந்தது மட்டும் மூடியில் மிச்சம். சிலதில் ஒன்றுமே இல்லை. சிலதில் மங்கலாக ஒரு வளையம். பதினேழில் மட்டும் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளை.

மூடிகளில் பெயர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். எந்த இலக்கம் எந்த வீடு என்பது டீச்சரின் சிவப்பு மட்டைக் கொப்பியில் இருந்தது. “ஆருட தண்ணி எண்டு தெரிஞ்சா கண் பக்கஞ்சாயும். தெரியாமப் பார்த்தாத்தான் சரியாப் பார்ப்பம்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குக் கூச்சம் வரக்கூடாதே என்று தன் வீட்டுக் கிணற்றிலிருந்தும் ஒரு போத்தல் கொண்டுவந்து, எல்லாப் போத்தல்களையும் இடம் மாற்றிக் கலைத்து, இலக்கம் ஒட்டியவளும் அவளேதான்.

இந்தப் பாடத்திட்டத்துக்கு எட்டு மாதம் போயிருந்தது. வரலாறு ஒரு கொப்பி, புவியியல் ஒரு கொப்பி, விஞ்ஞானம் ஒரு கொப்பி என்று துண்டு துண்டாகப் படிப்பித்து அவளுக்கு அலுத்துவிட்டது. பிள்ளைக்கு ஊர் ஒன்றுதானே, அது ஏன் மூன்று கொப்பியில் கிடக்க வேண்டும்? கடைசியில் ஆறு வாரத்துக்கு ஒரு திட்டம் எழுதினாள். நடுவில் கிணறு. அதை யார் எப்போது தோண்டினார்கள், அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பது வரலாறு. களப்பிலிருந்து எத்தனை எட்டு, மேடா பள்ளமா என்பது புவியியல். தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பது விஞ்ஞானம். மூன்றும் ஒரே வரைபடத்தில் வந்து சேரும். வரைபடத்தைச் சரிபார்க்கவென்று ஐந்தாம் கிழமையில், ‘அதே கிணறுகளில் மீண்டும் தண்ணீர் எடுத்துப் பார்த்தல்’ என்று ஒரு வரியும் போட்டிருந்தாள்.

அதிபர் றவூப் சேர் படித்துவிட்டு, “மூண்டு பாடத்தையும் ஒரே கிணத்துக்குள்ள தள்ளிப் போட்டீங்களே டீச்சர், ஒண்டாவது மிதக்குமா?” என்று பகிடி பண்ணினார். பகிடி பண்ணினாலும் கைவிடவில்லை. வியாழக்கிழமை பிள்ளைகளின் வரைபடத்தைப் பார்க்கக் கல்வி ஆலோசகர் ஒருவரை வரவழைத்திருந்தார். பெற்றாருக்கும் கடிதம் போயிருந்தது. ஆலோசகருக்குப் பிடித்தால் இந்தத் திட்டம் மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் போகும் என்று சொல்லியிருந்தார்.

மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு, நாளைக்கு நிறம் போட வேண்டுமே என்று லெய்லா கொப்பியை விரித்தாள். விரல் பெயர் பெயராகக் கீழே இறங்கியது. ஒன்பது, ஸஹ்னா. பத்து, றிம்ஸான். பதினேழுக்கு நேரே அவளுடைய கையெழுத்தில் இரண்டே சொல். எங்கள் வீடு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். பிறகு கதிரையில் உட்கார்ந்தாள்.

அந்த வீடும் காணியும் ஒரே மகள் ஸம்ஹாவின் சீதனம். ஸம்ஹாவுக்கு இருபத்தொன்பது. இரண்டு கலியாணப் பேச்சு வந்து உடைந்தது. ஒன்று பேச்சோடு போயிற்று, மற்றது புடவை எடுத்த பிறகு போயிற்று. அந்த இரண்டாவதுக்குப் பிறகு பிள்ளை ஒரு வருடம் பக்கத்து வீட்டுக்குக்கூடப் போகவில்லை. இப்போது மூன்றாவதாகக் கனமூலையிலிருந்து அஸ்ஜத். தோட்டக்காரக் குடும்பம். கலியாணம் முடிந்து இங்கேயே வந்து, வீட்டுக்குப் பின்னால் மாங்கன்றும் கொய்யாக்கன்றும் உண்டாக்கி விற்பதென்பது பையனின் எண்ணம். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பையனின் தாய் பஸீனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “கிணறு எப்பிடி?”

கனமூலைக்காரர் பெண் வீடு பார்க்க வந்தால் சுவரைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள், கூரையை நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஒரு மிடறு குடிப்பார்கள். பஸீனா குடித்தது டிசம்பர் மழையில். கிணறு வாய்முட்ட நின்றது. “மாஷா அல்லாஹ், இளநி மாதிரி” என்று சொன்னாள். நாளை மறுநாளுக்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, நிக்காஹ்வுக்கு நாள் குறிக்க வருகிறார்கள்.

அதற்கு முதல்நாள் இந்த வரைபடம் மண்டபத்தில் தொங்கும்.

*

அன்று பின்னேரம் புருஷன் நஸீம் அளத்திலிருந்து வந்ததும் வராததுமாக லெய்லா ஒரு குவளையை நீட்டினாள்.

“இந்தாங்க, குடிங்க.”

“என்ன, தேத்தண்ணியா?”

“கிணத்துத் தண்ணி.”

நஸீம் உப்பளத்தில் கங்காணி. ஒரு மிடறு எடுத்தவர் அப்படியே முற்றத்தில் துப்பினார். “நாள் முழுக்க உப்புக்குள்ள நிண்டுட்டு வாறன், வீட்டுலயும் உப்பா…” என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“அப்ப உங்களுக்குத் தெரியும்.”

“போன பெருநாளைக்கே தெரியும். சவர்க்காரம் நுரைக்கல்ல.”

“எனக்கு ஏன் சொல்லல்ல?”

“நீ கேட்டியா? வீட்டுல ஆரு கிணத்துத் தண்ணி குடிக்கிற? நீலக் கான்ல ஃபில்டர் தண்ணி வருது, குடிக்கிறம். கிணறு கழுவித் துடைக்கத்தானே.”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊர் பாதி அப்படித்தான். உப்பு விளைவித்துப் பிழைக்கிற ஊர், தன் கிணற்றை நாக்கில் வைத்துப் பார்த்து வருடக்கணக்காயிற்று.

“காணி பழைய இறால் குளம் லெய்லா. அடியில உப்பு ஊறிக் கிடக்கு. அதுக்கு மேல நாங்க மோட்டர் போட்டு இழு இழு எண்டு இழுத்தம். களப்பு உள்ளுக்கு வந்துட்டு. என்ன செய்யிற? வெள்ளிக்கிழமை வரட்டும், நாள் குறிக்கட்டும். தண்ணிய பிறகு பார்ப்பம்.”

“வியாழக்கிழமை சுவர்ல தொங்கும்.”

“என்ன தொங்கும்?”

“எங்கட கிணறு. சிவப்பு நிறத்துல.”

மூடிகளையும் வரைபடத்தையும் பற்றிச் சொல்லி முடித்தாள். நஸீம் வாசற்படியில் குந்திவிட்டார். “சரி, தொங்கட்டும். கனமூலையில இருந்து ஆரு வந்து பார்க்கப் போறாங்க?”

“பஸீனா லாத்தா.”

“அவவ ஆரு வரச் சொன்ன?”

“நான்தான்.”

“உனக்குப் பைத்தியமா புள்ள?”

“பெருமைக்குச் சொன்னன். ‘சம்மந்தி எழுதின திட்டத்தைப் பார்க்கப் பெரியாக்கள் வாறாங்க, நீங்களும் வாங்க’ எண்டு நானே போன் பண்ணிச் சொன்னன்.”

உள்ளேயிருந்து ஸம்ஹாவின் குரல் வந்தது. “உம்மா, வெள்ளிக்கிழமைக்கு வட்டிலப்பம் செய்வமா, சவ்வரிசிப் பாயாசமா? அவங்கட உம்மாக்கு எது விருப்பம் எண்டு கேட்டீங்களா?”

“வட்டிலப்பம் செய் மகள்” என்றாள் லெய்லா.

நஸீம் குரலைத் தாழ்த்தினார். “அந்த மூடியத் தூக்கி எறி.”

“இருபத்துநாலு புள்ளைகள் பார்த்துக் கீறியாச்சு. பதினேழு வெள்ளை எண்டு இருபத்துநாலு கொப்பியில இருக்கு.”

“எங்கட வீட்ட விட்டுட்டு மத்ததப் போடு.”

“போத்தலை நான் மேசையில வெச்சத எல்லாரும் கண்ட. இல்லாத ஒண்டத்தான் முதல்ல தேடுவாங்க.”

“பதினேழு எங்கட எண்டு ஆருக்குத் தெரியும்?”

“அது என்ட கொப்பியில மட்டும்தான்.”

நஸீம் எழுந்து கை கால் கழுவப் போனார். அவரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. சொல்லாமலே அது இரண்டு பேருக்கும் நடுவில் வந்து குந்திக்கொண்டது.

அஸர் தொழுதுவிட்டு லெய்லா கொப்பியோடு அறைக் கதவைச் சாத்தினாள். வெள்ளை மூடியை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். யாருக்கு? றிம்ஸானின் தகப்பன் பள்ளிவாசல் நிர்வாகத்தில். அவர் நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு வந்து நிற்பார். ஸபீனாவின் தாய்க்கு வாய் நீளம். அஸாமின் வீட்டில் கிணற்றுத் தண்ணீரில்தான் சாப்பாட்டுக் கடை ஓடுகிறது. இப்படி மனதுக்குள் ஒவ்வொரு வீடாக வாசல்வரை போய் வாசல்வரை திரும்பி வந்தாள். ஒன்பதாம் இலக்கத்தில் நின்றாள். ஸஹ்னா. தாய் நஃபீஸா, புருஷன் மௌத்தாகி ஆறு வருடம், அளத்தில் உப்புச் சுமக்கிறாள். எதிர்த்து ஒரு சொல் கதைக்காத வீடு. பிள்ளைக்குப் பத்து வயதுதான், கலியாணம் பேச இன்னும் எத்தனையோ காலம் கிடக்கிறது. இப்படியெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அது நியாயம் போலவே இருந்தது. யா அல்லாஹ், அப்படித்தான் இருந்தது.

புதுப் பக்கத்தில் இருபத்தைந்து வரியையும் திரும்ப எழுதினாள். ஒன்பது, எங்கள் வீடு. பதினேழு, ஸஹ்னா. பழைய பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

*

புதன்கிழமை மேசைகளைச் சேர்த்துப் போட்டு, நாலு பிறிஸ்டல் போர்டை ஒட்டி, ஊர் வரைபடத்தை விரித்தார்கள். களப்பு ஒரு பக்கம், மணல் மேடு ஒரு பக்கம், நடுவில் தெரு. ஒவ்வொரு கிணற்றுக்கும் பக்கத்தில் போன கிழமைகளிலேயே பிள்ளைகள் வரலாற்றை எழுதி ஒட்டியிருந்தார்கள். நல்ல தண்ணீருக்கு நீலம், நடுத்தரத்துக்கு மஞ்சள், கெட்டதற்குச் சிவப்பு. டீச்சர் பெயரை வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக வந்து நிறம் போட்டார்கள்.

“பதினேழு” என்றாள் லெய்லா. கொப்பியை விட்டுத் தலையை எடுக்கவில்லை. “ஸஹ்னா.”

எல்லாத் தலைகளும் ஸஹ்னாவின் பக்கம் திரும்பின. பிறகு றிம்ஸான், “அடி, உப்புக்காரி வீடா அது!” என்றான். சிரிப்பு பற்றிக்கொண்டது.

ஸஹ்னா எழுந்து வந்தாள். சிவப்புப் பேனையை எடுத்தாள். நிறம் போடவில்லை, நின்றாள்.

“டீச்சர், எங்கட தண்ணியிலதான் மத்ரஸாவுக்குத் தேத்தண்ணி ஊத்துற.”

“ம்.”

“உம்மா இனிப்பு எண்டுதான் சொல்லுவா. நானும் இனிப்பு எண்டுதான் நினைச்ச.”

லெய்லா அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு பிழை விட்டுவிட்டேன் மகள், கொஞ்சம் பொறு என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாய் திறக்கவும் செய்தது. ஆனால் அதற்குள் ஸஹ்னாவே தலையை ஆட்டி, “நாக்கு பொய் சொல்லும்தானே, டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, தன் வீட்டுக் கிணற்றைச் சிவப்பாக்கத் தொடங்கினாள். கோட்டுக்கு வெளியே போகாமல், மெதுவாக, வட்டம் முழுக்க. நல்ல பிள்ளை அவள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

*

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் நஃபீஸா காத்துக்கொண்டு நின்றாள். அளத்துக்குப் போகிற உடுப்பு. கையில் ஒரு போத்தல்.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று லெய்லா நினைத்தாள். சண்டை பிடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“டீச்சர், குறை நினைக்க வேணாம், ஒண்டு கேக்கணும். என்ன மருந்து போட்டா உப்புப் போகும்?”

“என்ன?”

“கிணத்துக்கு. நேத்து அஸருக்குப் பிறகு மத்ரஸாவுல இருந்து வாளி வரல்ல. முன்வீட்டுப் பொம்புளையும் வரல்ல. புள்ள சொன்னா, டீச்சர் மூடியில வெச்சுப் பார்த்தாவாம், வெள்ளையா இருந்ததாம் எண்டு.” போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கெண்டா இப்பவும் இனிப்பாத்தான் இருக்கு. அளத்துல நிண்டு நிண்டு என்ட நாக்கு செத்துட்டாக்கும். நீங்க ஒரு மிடறு குடிச்சுப் பார்த்துச் சொல்லுங்களன்.”

“பிறகு… பிறகு கதைப்பம் நஃபீஸா. இப்ப பெரியாக்கள் வருவாங்க.”

“ஓம் டீச்சர், ஓம். நானும் புள்ளைட படத்தைப் பார்க்கத்தான் அரை நேரம் லீவு கேட்ட.”

போத்தலை லெய்லா வாங்கவில்லை. கை நீளவில்லை.

மண்டபத்தில் வரைபடம் சுவர் நிறையத் தொங்கியது. ஆலோசகர் வந்த உடனே மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதற்கு முன்னால் நின்றுவிட்டார். “இருபது வருஷமா வலயம் வலயமாத் திரியிறன் டீச்சர். இப்பிடி ஒண்டு காணல்ல.” அதிபர் றவூப் சேர் தானே கிணறு வெட்டியது போல நின்றார்.

பஸீனா குடையும் ஒரு பை கத்தரிக்காயுமாக வந்து சேர்ந்தாள். “இந்தாங்க லெய்லா, எங்கட தோட்டத்துக் காய். எங்க உங்கட படம், காட்டுங்க பார்ப்பம்.” பையை லெய்லாவின் கையில் திணித்துவிட்டு, வரைபடத்தில் விரலை வைத்து ஒரு கிணறாக வாசித்துக்கொண்டு போனாள். ஒரு கிணற்றையும் தாண்டவில்லை. லெய்லா பக்கத்தில் நின்றாள். கத்தரிக்காய்ப் பை கனத்தது.

“இது உங்கட வீடுதானே?”

“ஓம் லாத்தா.”

“நீலம் எண்டா நல்ல தண்ணி?”

“ஓம்.”

“அல்ஹம்துலில்லாஹ்.” விரல் நகரவில்லை. “இதுக்குப் பக்கத்துல என்னவோ எழுதியிருக்கு. ‘இந்தக் காணி முன்பு இறால் குளமாக இருந்தது.’ மெய்யா?”

வரலாற்றுக்கு மூன்று கிழமைக்கு முன் லெய்லாவே சொல்லிக் கொடுத்த வரி அது. பிள்ளைகள் உண்மையை எழுதினால் டீச்சரும் உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று அன்றைக்குச் சந்தோசமாகச் சொன்னாள். கொப்பியை மாற்றி எழுதும்போது அவளுக்கு அந்த வரி ஞாபகத்தில் இல்லை.

“அது… ஒரு காலத்துல லாத்தா.”

“எங்களுக்கு ஒத்தரும் சொல்லல்லியே.” விரல் மேட்டுப் பக்கம் ஏறியது. “இந்தச் சிவப்பு ஆருட?”

“நஃபீஸா எண்டு ஒத்தர்.”

“‘தொண்ணூற்றிரண்டில் தோண்டியது. பெரிய வறட்சியில் இந்தத் தெரு முழுக்க இதில்தான் குடித்தது.’ அப்ப நல்ல தண்ணிதானே இருந்திருக்கு. இப்ப ஏன் சிவப்பு?” பஸீனா ஒரு எட்டுப் பின்னால் வைத்து முழுப் படத்தையும் பார்த்தாள். “இஞ்ச பாருங்க லெய்லா. நான் படிச்ச பொம்புள இல்ல. மிளகாயும் கத்தரியும் நட்டுத் திண்ட பொம்புள. மேடு எல்லாம் நீலம், நடுவுல இது மட்டும் சிவப்பு. களப்படி எல்லாம் மஞ்சள், நடுவுல நீங்க மட்டும் நீலம். தண்ணி பள்ளத்துல நல்லா இருந்து மேட்டுல கெட்டதா நான் இது வரைக்கும் காணல்ல.”

பின்னால் நின்ற ஆலோசகர் கையைத் தட்டினார். “இதுதான் கேள்வி! அம்மா, நீங்க எங்க படிப்பிக்கிறீங்க?”

“நான் எங்க படிப்பிக்கிற!” என்று பஸீனா சிரித்தாள்.

“டீச்சர், பாருங்க, உங்கட திட்டம் வேலை செய்யுது. வரலாறும் புவியியலும் சேர்ந்து விஞ்ஞானத்தைக் கேள்வி கேக்குது. இதுக்குப் பதிலைப் புள்ளைகள்கிட்டயே கேப்பம். இந்தச் சிவப்புக் கிணத்து வீட்டுப் புள்ள ஆரு?”

ஸஹ்னா கையைத் தூக்கினாள்.

“சொல்லுங்க பார்ப்பம் மகள். மேட்டுல இருக்கிற உங்கட கிணறு மட்டும் ஏன் உப்பு?”

ஸஹ்னா டீச்சரைப் பார்த்தாள். டீச்சருக்காகத்தான் சொல்ல வேண்டும், மூடி பொய்யாகிவிடக் கூடாது என்ற அவசரம் அந்தப் பார்வையில் இருந்தது. ஆலோசகரின் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

“உம்மாட கை சேர். உம்மா அளத்துல உப்புத் தூக்குற. அந்தக் கையோடதான் வாளி போடுற. அதுல கரைஞ்சு கரைஞ்சு போயிருக்கும்.”

மண்டபத்து வாசலோடு நஃபீஸா நின்றிருந்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் மெல்ல முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு, பிழை செய்தவளைப் போலச் சிரித்தாள்.

கத்தரிக்காய்ப் பை தரையில் விழுந்தது.

“கை இல்ல” என்றாள் லெய்லா. “அவட கை இல்ல. நான். நான்தான் மாத்தி எழுதின.”

“என்னத்தை டீச்சர்?” என்றார் அதிபர்.

“பதினேழு எங்கட கிணறு சேர். ஸஹ்னாட மூடி ஒன்பது. அதுல ஒண்டுமே இல்ல, கண்ணாடி மாதிரி இருந்த. லிஸ்டை நான் மாத்தி எழுதினன்.”

ஆலோசகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டார். யாரோ ஒரு பிள்ளை தும்மியது.

பஸீனாதான் கேட்டாள், குரலை உயர்த்தாமல். “டிசம்பர்ல நான் குடிச்ச தண்ணி?”

“அது மழைத் தண்ணி லாத்தா. சத்தியமா அப்ப எனக்குத் தெரியாது.”

“பிறகு எப்ப தெரியும்?”

“செவ்வாக்கிழமை.”

“இண்டைக்கி வியாழன்.”

பஸீனா வரைபடத்தை விட்டு விலகினாள். குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். உருண்டு கிடந்த கத்தரிக்காய்களைத் தாண்டி, ஒன்றையும் மிதிக்காமல், நடந்து போனாள்.

லெய்லா அவளுக்குப் பின்னால் ஓடவில்லை. நஃபீஸாவிடம் போனாள். “மன்னிச்சுக்கங்க” என்று சொல்ல வந்தாள். அதற்கு முன்னே நஃபீஸா போத்தலை நீட்டினாள்.

“இப்பவாவது குடிச்சுப் பாருங்க டீச்சர்.”

எல்லாரும் பார்க்க லெய்லா குடித்தாள். இனித்தது.

“அப்ப என்ட நாக்கு சாகல்ல” என்றாள் நஃபீஸா. ஸஹ்னாவின் கையைப் பிடித்தாள். “வா.” பிள்ளை திரும்பித் திரும்பி வரைபடத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனது, டீச்சரை அல்ல.

*

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அஸர் முடிந்து, மஃரிபுக்கும் பாங்கு சொல்லியாயிற்று. கனமூலையிலிருந்து ஒருவரும் வரவில்லை, போனும் வரவில்லை. வட்டிலப்பம் கதகதப்பு ஆறி, மேலே தண்ணீர் விட்டு நின்றது. ஸம்ஹா அதை மூடி வைத்துவிட்டு, விரித்திருந்த புதுச் சீலையை மடித்து அலுமாரியில் வைத்தாள்.

“என்னட்ட ஒரு சொல் கேட்டிருக்கலாமே உம்மா” என்று மட்டும் சொன்னாள். “உப்பு எண்டு நானே அவங்களுக்குச் சொல்லியிருப்பன். வாறவங்க வந்திருப்பாங்க, வராதவங்க போயிருப்பாங்க.”

“இதுவும் போனா எண்டு பயந்துட்டன் மகள்.”

“போயிட்டுத்தானே.”

நஸீம் இரண்டு பேரையும் பார்க்காமல் பள்ளிவாசலுக்கு எழுந்து போனார்.

திங்கட்கிழமை லெய்லா பள்ளிக்கூடம் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. அதிபர் போன் பண்ணினார். “லீவு எழுதித் தாங்க, நான் பார்த்துக்கொள்ளுறன்” என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, “ஆலோசகர் உங்கட திட்டத்தைக் கேக்குறார் டீச்சர். பேர் போடாம எடுக்கலாமா எண்டு கேக்குறார்” என்றார். “எடுக்கட்டும் சேர்” என்றாள்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்ட நேரம் வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள். எட்டிப் பார்த்தால் றிம்ஸானும் ஸபீனாவும் வெள்ளைச் சீருடையில், கையில் போத்தலும் அந்த அளவுக் கோப்பையும். ஸஹ்னா உள்ளே வரவில்லை. கேற்றுக்கு வெளியே, வெயிலில், ஒரு கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன புள்ளைகள்?” லெய்லா வாசலுக்கு வந்தாள்.

“அஞ்சாம் கிழமை டீச்சர்” என்றான் றிம்ஸான். வழக்கமான பகிடி முகத்தில் இல்லை. “திரும்ப எடுத்துப் பார்க்கணும் எண்டு திட்டத்துல இருக்கே. எல்லா வீட்டுலயும் எடுத்துட்டம். இதுதான் கடைசி.”

ஸம்ஹா சத்தம் கேட்டு வெளியே வந்தாள். தாயைப் பார்க்கவில்லை. மோட்டரைப் போடவும் இல்லை. மூலையில் கிடந்த பழைய வாளியை எடுத்துக் கயிற்றை முடிந்து கிணற்றில் விட்டாள். கிணற்றடியில் நின்றபடி கேட்டாள், “எவ்வளவு வேணும்?”

“ஒரு கோப்பை தாத்தா. சரியா இந்தக் கோடு வரைக்கும்.”

ஸம்ஹா கோடு வரைக்கும் ஊற்றினாள். ஒரு துளி கூடிவிட்டது, அதையும் வடித்தாள். ஸபீனா போத்தலை மூடித் துணியால் துடைத்தாள். கேற்றடியில் ஸஹ்னா கொப்பியைத் திறந்து, கையால் மறைத்துக்கொண்டு, ஏதோ எழுதினாள். ஒரு சின்னத் தாளைக் கிழித்து றிம்ஸானிடம் கொடுத்தாள். அவன் அதைப் போத்தலில் ஒட்டினான்.

“இப்ப லிஸ்ட் அவகிட்டயா?” என்று லெய்லா கேட்டாள்.

“ஓம் டீச்சர். நாங்க எல்லாரும் சேர்ந்து அவகிட்டக் குடுத்த.”

“எங்களுக்கு எத்தனையாம் நம்பர்?”

றிம்ஸான் போத்தலைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

“சொல்லக் கூடாது டீச்சர்.”